அறுகங்குடாவும் அனைவர்க்குமான நீச்சலும்

இலங்கையின் கிழக்குக் கரையோரமாகக் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் முதலிய ஊர்களைக் கடந்து பொத்துவிலை அடைகின்றது. பொத்துவிலுக்குத் தெற்கே, களப்பின் குறுக்கே அமைந்த பாலத்தைத் தாண்டினால் அறுகங்குடா. உல்லை என்பது அவ்விடத்து மக்கள் நாவில் வழங்கும் பெயர். பிறைபோல் வளைந்த மணற்கரை. அதன்மீது வரிசையாக இழுத்து வைக்கப்பட்ட மீன்பிடி வள்ளங்கள். தென்முனையைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து வரும் அலைகள். அவ்வலைகளை நாடி 1970ஆம் ஆண்டுகள் தொட்டே பிறநாட்டு அலைச்சறுக்கு வீரர்கள் இங்கு வரத் தொடங்கினர். இன்று சித்திரை முதல் புரட்டாதி வரையிலான பருவத்திலே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் இச்சிற்றூரைத் தேடி வருகின்றனர்.

இத்துணைப் புகழ்வாய்ந்த கடற்கரையைப்பற்றி எழுப்பத்தக்க வினா ஒன்று உண்டு. அக்கரையிலே பிறந்து வளர்ந்தோருள் எத்தனை பேருக்கு அக்கடலில் இறங்கத் தெரியும்? கால் வழங்காத சிறுவனும், பார்வை இழந்த பெண்ணும், முதுமையால் மூட்டுத் தளர்ந்த மூதாட்டியும் அந்நீரைத் தொடுவதற்கு ஒரு வழி உண்டா? இது பொழுதுபோக்கைப்பற்றிய வினாப்போலத் தோன்றலாம். அன்று, இஃது உயிரைப்பற்றிய வினா. அதனை ஒரு நாட்காலை எல்லோர்க்கும் உணர்த்திற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே நிகழ்ந்த பெருநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் அழிந்தில. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய நெருக்கமான ஊர்களிலே தெருத்தெருவாகக் குடும்பங்கள் மறைந்தன. அறுகங்குடாப் பாலமும் சிதைந்தது. அதனிடத்தில் அமெரிக்க உதவியோடு கட்டிய புதிய பாலம் 2008ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது.

மாண்டவர் யாவர் என்பதை ஆராய்ந்த அறிஞர் சிலர், அம்பாறை மாவட்டத்து அகதி முகாம்களிலே 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப்பற்றிய விவரங்களைத் திரட்டினர். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு சிந்திக்கத்தக்கது. நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவர் மாண்டிருந்தனர். ஆயின், அந்த இழப்பு எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. ஆண்களில் இறந்தோர் நூற்றுக்கு 8.2, பெண்களிலோ நூற்றுக்கு 17.5. சிறு குழந்தைகளும் முதியோரும் இளைஞரைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்டனர். அலை ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஆனால், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளையும், நீண்ட ஆடை காலைச் சுற்றியவளையும், நீரிலே ஒருநாளும் பழகியறியாதவளையும் அது எளிதிற் கொண்டுபோயிற்று. தென்கரையிலே, காலிக்கு அண்மையில் மாற்றுத்திறனாளிகள் வாழ்ந்த சம்போதி இல்லத்தின் கதை இன்னும் கொடியது. அங்கு வசித்தோருள் பாதிக்கு மேற்பட்டவர் அன்று உயிரிழந்தனர். எழுந்து ஓட இயலாதவர்க்கு ஓடும் நேரம் இருந்தும் பயனில்லை.

பேரலையின் முன்னே சிறந்த நீச்சல் வீரரும் தோற்பது உண்டு. அஃது உண்மையே. ஆயினும் மூச்சை அடக்கவும், கவிழ்ந்த உடலை மல்லாத்தவும், மிதக்கும் மரத்தைப் பற்றும்வரை பதறாதிருக்கவும் அறிந்தவர்க்கு ஒரு வாய்ப்பு மிஞ்சுகின்றது. மேலும், பேரலை நூற்றாண்டில் ஒருமுறை வருவது. கிணறும் குளமும் ஆறும் கடலும் நாள்தோறும் உயிர் கொள்வன. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021ஆம் ஆண்டிலே சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்ததும் இதனாலேயே.

நீர் உயிரைக் கொள்வது போலவே உடலைத் தேற்றவும் வல்லது. இவ்வறிவு பழையது. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே மக்கள் தலைமுறை தலைமுறையாக நீராடி வருகின்றனர். அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுக்கள் உள்ளன. நோவுற்ற மூட்டுக்கு இதமான நீர் சுகம் தரும் என்பதைப் பாட்டன்மார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதன் காரணத்தைக் கணக்கிட்டுக் கூறியது பிற்கால விஞ்ஞானம்.

இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. மார்பளவு நீரில் அச்சுமை மூன்றிலொரு பங்காகின்றது. கழுத்தளவு நீரிலோ பத்திலொரு பங்கே எஞ்சுகின்றது. எனவே, தரையில் ஓரடி எடுத்துவைக்க இயலாதவரும் நீரிலே நடத்தல் கூடும். இன்னொரு சிறப்பும் உண்டு. நீரை மெல்லத் தள்ளினால் அது மெல்ல எதிர்க்கும். விரைந்து தள்ளினால் வலிமையாக எதிர்க்கும். நலிந்தவருக்கு நலிந்த அளவிலும், வலியவருக்கு வலிய அளவிலும் பயிற்சி தரும் ஆசான் அது. 33 பாகை முதல் 36 பாகை வரை சூடேறிய நீரிலே இறுகிய தசைகள் தளர்கின்றன, நோவு தணிகின்றது, உடலை அசைக்க அஞ்சியவர் அசைக்கத் துணிகின்றனர்.

இந்த உண்மையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டின் பிராங்கிளின் ரூசுவெல்ட். 1921ஆம் ஆண்டில், தம் முப்பத்தொன்பதாம் வயதிலே, இளம்பிள்ளை வாதத்தால் அவர் கால்கள் செயலிழந்தன. 1924ஆம் ஆண்டில் அவர் ஜோர்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீர் ஊற்றை அடைந்தார். தரையில் பிறர் துணையின்றி நிற்க இயலாத அவர் அந்நீரிலே நின்றார், கால்களை அசைத்தார். முற்றிலும் குணமடைந்தார் அல்லர். எனினும், நீர் தந்த ஊக்கத்தால் 1926ஆம் ஆண்டில் அவ்விடத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டிலே ஒரு சிகிச்சை நிலையத்தையும் அமைத்தார். 1933ஆம் ஆண்டு முதல் தம் இறுதிநாள் வரை அந்நாட்டின் சனாதிபதியாக விளங்கினார்.

ஆயினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மை ஆகாது. வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் அந்நாளிலே வெள்ளை நிறத்தவர்க்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளையும் அதே நோய் தாக்கியது. அந்த நீரோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கென டஸ்கீகி என்னும் இடத்தில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது 1941ஆம் ஆண்டிலேயே. நீர் எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை; அதற்குச் செல்லும் வாயிலை அடைத்தவர் மனிதரே. நீர்ச் சிகிச்சையின் வரலாறு முழுவதும் அவ்வாயில் சிறிது சிறிதாகத் திறந்த வரலாறே எனலாம்.

அவ்வாயிலைப் பெரிதும் திறந்தவர் மருத்துவர் அல்லர், ஓர் எந்திரவியலாளர். இலண்டன் மாநகரின் வடபுறத்தே ஹாலிவிக் என்னும் பள்ளியிலே உடல் ஊனமுற்ற சிறுமியர் பயின்றனர். 1949ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மக்மில்லன் என்பவர் அவர்களுக்கு நீச்சல் கற்பிக்க முன்வந்தார். நீரின் இயக்கவிதிகளை நன்கறிந்த அவர், ஒரு காலோ கையோ சூம்பிய உடல் நீரிலே ஏன் ஒரு பக்கமாகப் புரள்கின்றது என்பதை ஆராய்ந்தார். புரளும் உடலைத் தலையின் அசைவாலும் கையின் அசைவாலும் நேராக்கப் பழக்கினார். முதலில் நீரோடு மனம் பழகுதல், அடுத்து மூச்சை அடக்கிக் குமிழியாக ஊதுதல், பின்னர் உருண்டு மல்லாத்தல், மிதத்தல், இறுதியிலே நீந்துதல் என வகுக்கப்பட்ட அம்முறை பத்துப் படிகளை உடையது. இன்றும் பல நாடுகளிலே அது கையாளப்படுகின்றது.

மக்மில்லன் முறையின் உயிர்நாடி இரண்டு. காற்றடைத்த மிதவைகளை அவர் மாணவர்க்குக் கொடுப்பதில்லை. மிதவையை நம்பியவர் நீரை நம்பமாட்டார் என்பது அவர் கருத்து. மிதவைக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவர்க்கும் ஒவ்வோர் ஆசிரியர் நீருக்குள்ளேயே துணைநிற்க வேண்டும். கரையிலே நின்று கட்டளையிடும் ஆசிரியர் அம்முறையில் இல்லை. மாணவரின் முகமும் ஆசிரியரின் முகமும் நீர்மட்டத்தில் ஒன்றாக நிற்கின்றன. அங்கே நோயாளி என்று எவரும் இல்லை, எல்லோரும் நீந்துவோரே.

அதே காலத்தில், 1948ஆம் ஆண்டு சூலையில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையிலே லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், முள்ளந்தண்டு முறிந்த போர்வீரர்க்கு விளையாட்டுப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே நடந்த முதற் பாராலிம்பிக் விழாவாக மலர்ந்தது. அவ்விழாவிலேயே நீச்சலும் இடம்பெற்றது. 1965ஆம் ஆண்டுப் போரிலே குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், சிகிச்சையாக நீச்சலைத் தொடங்கினார். 1972ஆம் ஆண்டில் செருமனியின் ஹைடல்பர்க் நகரிலே 50 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். பாராலிம்பிக் விழாவில் இந்தியா பெற்ற முதற் பொற்பதக்கம் அது. சிகிச்சைக்காக நீரில் இறங்கியவர் சாதனையோடு கரையேறினார்.

தமிழ்மக்களுக்கு நீச்சற் சாதனை புதிதன்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் அந்நீரிணையைப் போகவும் வரவும் நீந்தி, ஆழிக்குமரன் என்னும் பெயர் பெற்றார். அப்பெருமைக்குப் புதிய பொருள் சேர்த்தவள் ஒரு சிறுமி. 2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், ஓட்டிசம் உடைய ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 29 கிலோமீற்றர் தூரத்தை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள். அப்போது அவளுக்கு வயது 13. பேச்சிலே தன் மனத்தை எளிதில் வெளியிட இயலாத குழந்தை, தன் ஆற்றலைக் கடலிலே எழுதிக் காட்டினாள்.

இத்தகைய வீரச்செயல்கள் போற்றுதற்குரியன. ஆயினும், எல்லோரும் நீரிணையைக் கடக்கவேண்டும் என்பது நோக்கமன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமான மக்களில் நூற்றுக்கு 8.7 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலே இடர்ப்படுகின்றனர். தொகையிலே அவர்கள் பதினாறு இலட்சத்தினர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு வேண்டுவது பதக்கமன்று. இடுப்பளவு நீரிலே அச்சமின்றி நிற்கும் அரைமணி நேரமே.

அதற்கு அறுகங்குடா இடந்தருமா? தரும் என்பதற்குச் சான்று அக்கரையிலேயே உளது. நெடுங்காலம் அலைமீது ஏறியவர் பெரும்பாலும் வெளிநாட்டவரும் உள்ளூர் ஆடவருமே. பெண்கள் கரையில் நின்று பார்த்தனர். அலைச்சறுக்கு ஆண்களுக்குரியது என்னும் எண்ணம் ஊரிலே வேரூன்றியிருந்தது. ஆயினும் உள்ளூர்ப் பெண்கள் சிலர் மெல்ல மெல்லப் பலகையெடுத்து நீரில் இறங்கினர். 2018ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்த அறுகங்குடாப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகமே இலங்கையின் முதலாவது மகளிர் அலைச்சறுக்குக் கழகமாகும். உடல் மறைக்கும் ஆடையோடே அலையில் ஏற முடியும் என்பதையும், தாயாகிய பின்பும் கற்க முடியும் என்பதையும் அவர்கள் ஊரார்க்குக் காட்டினர். பேரலையில் பெண்கள் இரட்டிப்பாக மாண்ட ஒரு மாவட்டத்திலே, பெண்கள் தாமே கடலில் இறங்கியது சிறு நிகழ்ச்சியன்று.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு கலீபா உமர் அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்னும் செய்தி இஸ்லாமிய மரபிலே வழங்குகின்றது. பிள்ளைகள் என்னும் சொல்லுக்குள் மகனும் உண்டு, மகளும் உண்டு, கால் வழங்காத பிள்ளையும் உண்டு. கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே பெண்களுக்கென நேரம் ஒதுக்கி, பெண் ஆசிரியைகளைப் பயிற்றி, மறைவான இடம் அமைத்தால், பண்பாட்டுக்கும் நீச்சலுக்கும் பகை எழ வேண்டியதில்லை.

இனி, வேண்டுவன யாவை? முதலாவது, நீர்வரை செல்லும் வழி. சக்கர நாற்காலி மணலிலே புதையும். பத்தடி மணல் பலர்க்குப் பத்துக் காதம் ஆகின்றது. சென்னை மெரினாக் கடற்கரையிலே மாற்றுத்திறனாளிகள் நெடுநாள் வேண்டியதன் பயனாக, 2022ஆம் ஆண்டு நவம்பரில் 263 மீற்றர் நீளமான மரப்பாதை திறக்கப்பட்டது. திறந்து இரு வாரத்துக்குள் மாண்டூஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. இதிலிருந்து அறியத்தக்கது, கடலோரத்தில் வழி அமைத்தல் ஒருநாள் வேலையன்று, ஆண்டுதோறும் பேணவேண்டிய கடமை என்பதே. வாடைக்காற்றுக் காலத்திலே கடல் சீறும் கிழக்குக் கரையில், சுருட்டி எடுத்து வைக்கத்தக்க பாய்ப்பாதைகளே ஏற்றனவாகலாம். மணலில் புதையாத அகன்ற உருளைகளும் நீரில் மிதக்கும் அமைப்பும் உடைய நாற்காலிகளும் இன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளன.

இரண்டாவது, தகுந்த இடம். தென்முனையின் பேரலைகள் பயின்றவர்க்கே உரியன. களப்பு நீர் அமைதியாகத் தோன்றினும் அங்கே முதலைகள் உண்டு. அது பயிற்சிக்கு ஆகாது. குடாவின் உட்புறத்திலே, அலை தணிந்த பருவத்தில், உயிர்காப்பாளரின் கண்காணிப்பிலேதான் பயிற்சி நிகழவேண்டும். கடல்நீரின் வெப்பம் அங்கு 28 பாகையை ஒட்டியே இருக்கும். குளிர்நாட்டுக் கடலை நோக்க அது பெரும் பேறு. எனினும் தசை இறுக்கம் உடையோர்க்கு நெடுநேரம் அதில் இருத்தல் தகாது. அத்தகையோர்க்குச் சூடேற்றிய சிறு தடாகமே சிறந்தது.

மூன்றாவது, அறிந்த துணை. வலிப்பு நோய் உள்ளவரை ஒரு கணமும் தனியே விடலாகாது. முள்ளந்தண்டு பாதிப்புற்றவர்க்குக் கால்களில் உணர்ச்சி இராது. சுடுமணலும் சிப்பியும் புண்ணாக்கினும் அவர் அறியார். படுக்கைப்புண், காய்ச்சல், இருதய நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது. இவற்றை அறிந்த ஆசிரியரைப் பயிற்றுதல் நீச்சல் தடாகம் கட்டுவதினும் முதன்மையானது. உடற்பயிற்சி ஆசிரியரும், இயன்மருத்துவரும், ஊர் மீனவ இளைஞரும் ஒருங்கே பயின்றால் இக்குறை தீரும். கடலின் குணத்தை மீனவர் அறிவர்; உடலின் குணத்தை இயன்மருத்துவர் அறிவர்; பிள்ளையின் குணத்தை ஆசிரியர் அறிவர்.

சட்டமும் இதற்கு அரணாக உள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையிலே 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பொது இடங்களில் அணுகுவழி அமைத்தலைப்பற்றிய ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டில் வந்தன. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. ஆனால், ஏட்டிலுள்ள உரிமை மணலைக் கடந்து நீரை அடைவதற்கு மனிதரின் கை வேண்டும்.

கரைவலை இழுக்கும் ஊர்களிலே தந்தை தன் மகனுக்கு நீச்சல் பழக்கும் காட்சி எவர்க்கும் தெரிந்ததே. பிள்ளையின் வயிற்றின்கீழ் ஒரு கையைக் கொடுத்து, அவனை நீர்மீது கிடத்தி, கால்களை அடிக்கச் சொல்லுவான் தந்தை. பிள்ளை அறியாமலே கையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவான். ஒரு கணத்தில் கை விலகும், பிள்ளை மிதக்கும். மக்மில்லன் இலண்டனிலே கண்டறிந்த நெறியும் அடிப்படையில் இதுவேயாம். ஆசிரியர் நீரில் இறங்க வேண்டும். கை கொடுக்க வேண்டும். தக்க வேளையில் கையை எடுக்கவும் வேண்டும்.

அந்தக் கை இதுவரை மகனுக்கே கிடைத்தது. மகளுக்கும் இப்போது மெல்ல நீள்கின்றது. வீட்டின் மூலையிலே, கடலோசையைக் கேட்டுக்கொண்டு கடலைக் காணாமலே வளரும் பிள்ளைக்கும் அது நீளும் நாளே, 2004ஆம் ஆண்டின் பேரலை கற்பித்த பாடத்தை இக்கரை கற்றுக்கொண்ட நாளாகும்.